ரெஜினா ஆர்டரை நிறுத்திய சாயங்காலம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, பணக்காரி ஆவது எப்படி என்று பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். காரணமே நீங்கள்தான். கொஞ்ச நாளாக எனக்கு வரும் மெயில்களில் பாதி இதே கேள்வி — "மேடம், வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஏதாவது செய்து சம்பாதிக்கலாம் என்று இருக்கிறேன். என்ன செய்யலாம்? எவ்வளவு வரும்? எத்தனை மாதத்தில் வரும்?"

எனக்கென்ன தெரியும்? பத்தி எழுதிப் பிழைக்கிறவளிடம் போய் லாபத்தைப் பற்றிக் கேட்கலாமா? ஆனாலும் கேட்டுவிட்டீர்களே என்று ஓர் இலவச ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன்.

கோட் போட்ட ஒரு பையன் பேசினான். பின்னால் ஒரு பெரிய கார். "ஒரு லேப்டாப், ஒரு நெட் கனெக்‌ஷன்... இது ரெண்டும் இருந்தா போதும் ஃப்ரெண்ட்ஸ்" என்றான். மூன்றே மாதத்தில் வேலையை விட்டுவிடலாம் என்றான். எனக்கே கொஞ்சம் சபலம் தட்டியது.

அந்த நேரம் காலிங்பெல். எதிர் ஃப்ளாட் ரெஜினா. வாங்கிப்போன குக்கர் வெயிட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், என் தோளுக்கு மேலாக ஒரு நிமிடம் பார்த்தாள்.

"இவரு என்னக்கா விக்கிறாரு?"

யோசித்தேன். "இதுக்கப்புறம் காசு கட்டிச் சேர்ற கோர்ஸைத்தான்னு நினைக்கிறேன்."

"அப்ப அது நல்லா ஓடும்க்கா" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

நான் லேப்டாப்பை மூடிவிட்டேன். பதில் சொல்லத் தகுதியான ஆளை எதிர் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, கோட் போட்டவனிடம் எதற்குப் பாடம் கேட்கிறேன்?

ஆகவே, மெயில் அனுப்பிய எல்லோருக்கும் — இந்த வாரம் ரெஜினாவின் கதை.

முகப்பேரில் எங்கள் ஃப்ளாட்டுக்கு எதிரே அவள் குடிவந்து ஆறேழு வருடம் இருக்கும். பிறந்து வளர்ந்தது பட்டாபிராம். கணவர் ஸ்டீபன், அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. ஃப்ளாட் வாங்கியது லோனில். அந்த லோன் ஓடுவது ஸ்டீபன் சம்பளத்தில். இரண்டாவது குழந்தை பிறக்கும்வரை ரெஜினா ஒரு ஸ்கூலில் எல்.கே.ஜி. டீச்சர். அப்புறம் வீடு.

வீட்டில் இருக்கும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்யாதீர்கள். நைட்டி! ஆமாம், நாமெல்லாம் காலையிலிருந்து ராத்திரிவரை போட்டுக்கொண்டு, பெயரை மட்டும் நைட்டி என்று வைத்திருக்கிறோமே... அதேதான்.

"அக்கா, கொரியர்காரர் பெல் அடிச்சா நாம முதல்ல என்ன தேடுறோம்?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"துப்பட்டா."

"ஃபோன் அடிச்சா?"

"ஃபோனை."

"அதான்! துப்பட்டா தேவைப்படாத மாதிரி முன்பக்கம் ரெண்டு மடிப்பு துணி, ஃபோன் வைக்க ஆழமா ஒரு பாக்கெட். இத யாராவது தச்சுக் குடுத்தா நீங்க வாங்குவீங்களா மாட்டீங்களா?"

வாங்குவேன். வாங்கினேன். முதல் இரண்டு நைட்டி என்னுடையதுதான்.

பட்டாபிராமில் அவள் அம்மா வீட்டுத் தெருவில் குமாரி என்று ஒரு டெய்லர். வீட்டு முன்னறையில் மூன்று மிஷின். அவரும் இன்னும் இரண்டு பெண்களும் தைத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. வண்ணாரப்பேட்டையில் துணி எடுத்துவந்து, வெட்டும் அளவை ரெஜினாவே போட்டுக் கொடுப்பாள். விற்பனை ஃபோனில். அவ்வளவுதான் கம்பெனி.

ஆரம்பிக்கும் முன்னால் ஸ்டீபனை உட்கார வைத்து ஒரு நிபந்தனை போட்டாள். நானும் காபி டம்ளரோடு அங்கே இருந்தேன்.

"ரெண்டு வருஷம் எனக்கு டைம் குடுங்க. அதுவரைக்கும் இதுல வர்றத வீட்டுச் செலவுக்குன்னு நினைக்கவே கூடாது. வந்தா துணி வாங்குவேன். வரலைன்னா சும்மா இருப்பேன். வீடு உங்க சம்பளத்துல ஓடணும்."

"ரெண்டு வருஷமா? ஆறு மாசத்துல ஊரையே வாங்கிட்டாங்கன்னு வீடியோல்லாம் வருதே!"

"அவங்கள்லாம் நைட்டி விக்கலையே" என்றாள் ரெஜினா.

அப்போது அது எனக்குச் சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது.

வாரத்தில் இரண்டு நாள், பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனபிறகு, ரெஜினா ஃபோனை ஸ்டாண்டில் மாட்டி நேரலை நடத்துவாள். ஒரு நாள் பாலுக்கு உறைமோர் வாங்கப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் பேசிக்கொண்டிருந்தாள். சத்தம் போடாதீர்கள் என்று கையால் காட்டினாள். சோபாவில் உட்கார்ந்தேன்.

என்ன பேச்சு! ஒரு நைட்டியைத் தூக்கிப் பிடித்து, பாக்கெட்டில் ஃபோனைப் போட்டுக் குனிந்து காட்டினாள். "பாத்தீங்களா, விழாது!" பர்ஸைப் போட்டாள். பால் பாட்டிலைப் போட்டாள். துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து காட்டினாள். ஜோக் அடித்தாள். தானே சிரித்தாள். "வணக்கம்... புதுசா வந்திருக்கிறவங்களுக்கு மறுபடி சொல்றேன்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

நான் எழுந்து மெதுவாக ஸ்டாண்டுக்குப் பின்னால் போய், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன்.

பூஜ்யம்.

நடுவில் ஒரு முறை ஒன்று என்று ஆனது. அது ஸ்டீபன் — ஆபீஸிலிருந்து. அப்புறம் அவரும் மீட்டிங்குக்குப் போய்விட்டார். மறுபடி பூஜ்யம். அவள் குரல் ஒரு இம்மி இறங்கவில்லை. அதே சிரிப்பு. அதே "வணக்கம், புதுசா வந்திருக்கிறவங்களுக்கு..."

முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"யாருமே இல்லையேடி... யார்கிட்டப் பேசினே?"

"எல்.கே.ஜி.ல முதல் நாள் வந்து பாத்திருக்கீங்களாக்கா? ஒரு புள்ளையும் நம்மளப் பாக்காது. எல்லாம் வாசலப் பாத்து அழுதுட்டிருக்கும். நாம பாட்டுக்கு பாட்டுப் பாடணும், ஆடணும். ஒரு வாரம் கழிச்சு ஒண்ணு திரும்பிப் பாக்கும். அது பாத்தா பக்கத்துல இருக்கிறதும் பாக்கும்."

மேடையில் முன்வரிசை காலியாக இருந்தாலே பேச்சு தடுமாறுகிற ஆள் நான். ஆளே இல்லாத இடத்தில் இவள் எப்படி முக்கால் மணி நேரம் சிரிக்கிறாள்?

சில மாதம் சொந்தக்காரர்கள் வாங்கினார்கள். சர்ச்சில் தெரிந்தவர்கள் வாங்கினார்கள். எங்கள் அபார்ட்மென்ட்டில் வாங்கினார்கள். பிறகு தெரிந்தவர்கள் தீர்ந்துபோனார்கள். ஆன்லைன் வியாபாரத்தில் இது ஒரு கட்டம் போலிருக்கிறது — சொந்தபந்தம் தீர்ந்து, ஊர் இன்னும் வந்து சேராத கட்டம். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் கடையை மூடுகிறார்களாம்.

ஒரு நாள் காலை ரெஜினா என் வீட்டுக்கு ஓடிவந்தாள். கையில் ஃபோன். முகம் பேயறைந்த மாதிரி.

"அக்கா... தேனிப் பக்கத்துலேர்ந்து ஒரு ஆர்டர். யாருன்னே தெரியலக்கா!"

"நல்லதுதானே?"

"யாருன்னே தெரியலக்கா" என்றாள் மறுபடியும்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எங்கோ மலையடிவாரத்தில் ஒரு பெண். ரெஜினாவைப் பார்த்ததில்லை. கடைக்கு போர்டு கிடையாது. ஏமாற்றினால் வந்து சண்டை போட விலாசம்கூடத் தெரியாது. ஆனாலும் இந்த முகத்தை ஃபோனில் பார்த்து, நம்பி, பணத்தை அனுப்பிவிட்டாள். தெருமுனைக் காய்கறிக்காரரிடமே ஒவ்வொரு தக்காளியையும் அமுக்கிப் பார்த்து வாங்குகிறோம் நாம்!

அன்று சாயங்காலம் அந்தப் பார்சல் கட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். நைட்டியை இரண்டு முறை இஸ்திரி போட்டாள். மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். விலாசத்தை ஸ்டீபன் தன் அழகான கையெழுத்தில் எழுதினார். ஒட்டி முடித்ததும் நான்கு பேரும் அதன்மேல் கை வைத்து ஜெபம் செய்தார்கள். சின்னவள் பார்சலுக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். ஜெபம் தெரியாத நானும் கை வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் அந்த அம்மா ஃபோன் செய்தார். ரெஜினா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, நைட்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா பாக்கெட்டுல ஃபோனைப் போட்டுட்டு வீடு பூராம் தேடிட்டேன்! இதுக்கு என்ன பண்ணுறது?"

நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

ஆனால் முதல் வருடம் சிரிப்பாகவே போகவில்லை. ஒரு தடவை மெரூன் துணியில் சாயம் போனது. தனக்கென்று எடுத்துவைத்த ஒன்றைத் துவைத்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் அதே துணியில் தைத்தவை எல்லாம் பார்சல் போய்விட்டன.

"யாராவது கம்ப்ளைன்ட் பண்ணா அப்ப பாத்துக்கலாமே" என்றார் ஸ்டீபன்.

"அவங்க துவைக்கிறதுக்கு முன்னாடி சொல்லணுங்க. வெள்ளத் துணிகூடப் போட்டுட்டாங்கன்னா?"

உட்கார்ந்து ஒவ்வொருவருக்காக ஃபோன் போட்டாள். "நான்தான் ரெஜினா பேசுறேன். உங்களுக்கு அனுப்புன மெரூன் சாயம் போகுது. தப்பு எங்களோடது. வேற அனுப்புறேன்." அந்த மாத லாபம் முழுக்கப் போயிற்று. திட்டியவர்கள் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் இன்றைக்கும் அவளிடம்தான் வாங்குகிறார்கள்.

வருடம் முடிந்தபோது கையில் என்ன நின்றது? ஒன்றுமில்லை. நஷ்டமும் இல்லை. ரெஜினா அதற்குக் கேசரி செய்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். லாபம் வராததற்கு இனிப்பு கொடுத்த ஒரே முதலாளி இவளாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது வருடத்தின் நடுவில்தான் அது நடந்தது.

வாடிக்கையாளர் ஒருவரின் மகள், தன் அம்மாவை வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறாள். விளையாட்டாகத்தான். அம்மா கடைக்குப் போய்விட்டு வந்து, நைட்டி பாக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கிறார். ஃபோன். கண்ணாடி. சாவிக்கொத்து. இரண்டு தக்காளி. ஒரு கட்டு கறிவேப்பிலை. கடைசியாக ஒரு தேங்காய் மூடி! முகத்தில் சிரிப்பே இல்லாமல், மேஜிக்காரர் மாதிரி எடுத்து எடுத்து வைக்கிறார். "எங்கம்மா இதை எங்க வாங்கினாங்கன்னா..." என்று கீழே ரெஜினாவின் நம்பர்.

அந்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. என் வீட்டுக்காரருக்கே மூன்று குரூப்பிலிருந்து வந்தது.

ரெஜினாவின் ஃபோன் நிற்கவே இல்லை. டிங்... டிங்... டிங். பணம் அனுப்பிவிட்டு ஸ்க்ரீன்ஷாட், விலாசம். அடுத்தது. அதற்கடுத்தது. மதியமே ஸ்டீபன் ஆபீஸிலிருந்து ஓடிவந்துவிட்டார். மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் மூச்சு வாங்கச் சொன்னார்.

"அக்கா, நான் பேப்பர் போடப்போறேன்!"

ஐ.டி.காரர்கள் பாஷையில் பேப்பர் போடுவது என்றால் ராஜினாமா.

ரெஜினா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். "அக்கா, எங்கூட பட்டாபிராம் வரீங்களா? இப்ப வண்டி ஓட்டினா எங்கயாவது இடிச்சிடுவேன்" என்றாள். அம்பத்தூர் ஸ்டேஷன்வரை ஆட்டோ, அங்கிருந்து ரயில். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அண்ணனூர் ஷெட்டில் நிற்கும் ரயில்களைப் பார்த்தபடி வந்தாள். மடியில் ஃபோன் துடித்துக்கொண்டே இருந்தது.

குமாரிக்கு ஏற்கெனவே விஷயம் தெரிந்திருந்தது. வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா, ஃபோனு இப்டி கத்திகினு கீது! எத்தினி ஆர்டரு?"

"எண்ணலக்கா. நாம ஒரு வருஷம் தைக்கிற அளவுக்கு மேல வந்திருச்சு."

"அதுக்கு ஏன் மூஞ்ச இப்டி வச்சிகினு கீற? எல்லாத்தையும் வாங்கிப் போடு! என் நாத்தனா கீறா, எதுத்த ஊட்டுப் பொண்ணு கீறா. மிஷினு வாடவைக்கு எடுப்போம். ராவும் பகலுமா தச்சுத் தள்ளிடலாம்."

"உங்க நாத்தனார இப்ப ஒண்ணு தைக்கச் சொல்றீங்களா?"

நாத்தனார் வந்தார். அடுத்த தெருதான். நல்ல வேகமான கை. ஒரு மணி நேரத்துக்குள் தைத்து நீட்டினார். ரெஜினா அதை வாங்கி, பாக்கெட்டுக்குள் விரலை விட்டு, ஃபோன் கனத்துக்கு ஓர் இழுப்பு இழுத்தாள்.

மூலை பிரிந்தது.

"அவசரத்துல ஒத்தத் தையல் போட்டுட்டேம்மா" என்றார் நாத்தனார். "வெளிய பாத்தா தெரியாது."

"தெரியாதுதான்" என்றாள் ரெஜினா.

திரும்பும்போது பட்டாபிராம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு ரயில் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. ரயில் போய்விட்டது. அப்புறம் ஃபோனைத் திருப்பி, டைப் செய்ய ஆரம்பித்தாள். முடித்துவிட்டு என்னிடம் காட்டினாள்.

"எங்களிடம் தைக்கிறவர்கள் மூன்று பேர். இந்த மாதம் எங்களால் முடிந்த அளவு ஆர்டர் எடுத்தாயிற்று. மற்றவர்கள் பணம் இன்றைக்கே திரும்ப வந்துவிடும். காத்திருக்க முடிந்தவர்கள் பெயர் சொல்லி வையுங்கள், முறைப்படி கூப்பிடுகிறேன். முடியாதவர்கள் வேறு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். மன்னிக்கவும்."

"ரெஜினா... நல்லா யோசிச்சியா? இப்படி ஒரு நாள் மறுபடி வராமலே போகலாம்."

"தெரியும்க்கா."

"பயமா இல்ல?"

"இருக்குக்கா." சொல்லிக்கொண்டே அனுப்பும் பட்டனை அழுத்தினாள்.

நான் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பேட்டி கண்டிருக்கிறேன். ஆனால் இப்படி ஒருத்தியைப் பார்த்தது அந்த பெஞ்சில்தான். வராததற்குக் காத்திருக்கப் பழகலாம். வந்து குவிவதை வேண்டாம் என்று சொல்ல எங்கே பழகினாள் இவள்?

வீட்டில் ஸ்டீபன் கொதித்துப்போயிருந்தார். மெசேஜைப் பார்த்துவிட்டார்.

"கிறிஸ்தவன் நானே சொல்றேன் ரெஜி — வீட்டுக்கு வந்த மகாலட்சுமிய யாராவது வெளிய போன்னு சொல்வாங்களா?"

"வந்தது கூட்டங்க. வேடிக்கை பாக்க வந்த கூட்டம். அவசரமா தச்சு அனுப்பினா அத்தன பேரு வீட்லயும் பாக்கெட்டு பிஞ்சு ஃபோன் விழும். அப்புறம் அதையும் வீடியோ எடுப்பாங்க."

ஸ்டீபன் சோபாவில் உட்கார்ந்தார்.

"ராஜினாமா மெயில் அனுப்பிட்டீங்களா?"

"...டிராஃப்ட்ல இருக்கு."

"அங்கயே இருக்கட்டும்."

இரண்டு பேரும் சில நாள் பேசிக்கொள்ளவில்லை. பார்சலை மட்டும் சேர்ந்து கட்டினார்கள். ஒருவர் மடிக்க, ஒருவர் ஒட்ட, செல்லோடேப் கிழிகிற சத்தம் மட்டும் எங்கள் வீடுவரை கேட்டது.

அப்புறம்?

பத்துப் பதினைந்து நாளில் ஊர் வேறு வீடியோவுக்குப் போய்விட்டது. "ரொம்பத்தான் பிகு பண்றாங்க" என்று கமென்ட் போட்டார்கள் சிலர். இன்னும் சிலர் அதே மாதிரி பாக்கெட் நைட்டியை விலை குறைத்து விற்க ஆரம்பித்தார்கள். காத்திருக்கிறேன் என்று சொன்னவர்களில் பாதிக்கு மேல், முறை வந்து கூப்பிட்டபோது ஃபோனையே எடுக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மீதிப் பேர் காத்திருந்தார்கள். வாங்கினார்கள். மறுபடி வாங்கினார்கள். அக்காவுக்கு, நாத்தனாருக்கு, பிரசவத்துக்கு வந்த மகளுக்கு என்று சொல்லிச் சொல்லி வாங்கினார்கள்.

இரண்டு வருடக் கெடு முடிந்து இன்னொரு வருடமும் ஆகிவிட்டது. இப்போது ரெஜினாவுக்கு எல்லாச் செலவும் போக மாதாமாதம் கையில் நிற்பது, எல்.கே.ஜி. டீச்சராக வாங்கிய சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூட. கொஞ்சம்தான்.

"அவ்வளவுதானா?" என்கிறீர்களா? நானும் கேட்டேன்.

"அவ்ளோதான்க்கா. ஆனா நடுவுல ஒரு மாசம்கூட வர்றது நிக்கல பாருங்க" என்றாள். அவள் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்த பிறகு "அவ்வளவுதானா" என்ற வார்த்தை எனக்கே அற்பமாகப் பட்டது. குமாரியின் முன்னறையில் இப்போது ஐந்து மிஷின். நாத்தனார் பாக்கெட் மூலையில் இரட்டைத் தையல் போடப் பழகிச் சேர்ந்துவிட்டார். ஸ்டீபன் அதே கம்பெனியில்தான் இருக்கிறார். லோன் ஓடுகிறது. சனிக்கிழமை பார்சல் டிபார்ட்மென்ட் அவருடையது.

அன்றைக்கு எல்லா ஆர்டரையும் எடுத்திருந்தால் இந்நேரம் பெரிய ஆளாகியிருப்பாளோ? இருக்கலாம். அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். ஆன்லைன் என்பது கடைக்கு வாசல்தான். உள்ளே தைக்கிறது கை. கை தைக்கிற வேகத்தில்தான் கடை வளரும். வாசல் எவ்வளவு பெரிதானால் என்ன?

ஆகவே, எத்தனை மாதத்தில் வரும் என்று கேட்ட வாசகர்களே — மாதத்தில் கேட்காதீர்கள். வருடத்தில் கேளுங்கள். இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். வந்தால், ரெஜினா மாதிரி, அதில் துணி வாங்குங்கள்.

இதை எழுதி முடித்ததும் திருச்சியில் இருக்கும் என் தங்கைக்கு இரண்டு நைட்டி வேண்டுமென்று எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அடுத்த மாசம்தான்க்கா முடியும், பேரச் சொல்லிட்டுப் போங்க" என்றாள், என்னைத் தெரியாதவள் மாதிரி!